கதவுப் பக்கக் கேமரா

சாயங்காலம் பஸ் வாசெக் வீட்டுத் தபால் பெட்டிக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றது. வெளிச்சம் அப்போதே போக ஆரம்பித்திருந்தது. ஜனவரி மாதம் அமெரிக்காவின் வடக்கே டகோட்டாப் பக்கம் சூரியன் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. ஆர்விட் ஸ்லெட்டன் பிரேக்கைப் போட்டார். மற்ற வண்டிகளை நிற்கச் சொல்லும் சிவப்புப் பலகை இடப்பக்கம் விரிந்தது. விளக்குகள் மாறி மாறி மின்னின. பஸ்ஸின் மூக்கிலிருந்து மஞ்சள் கம்பி கிறீச்சென்று முன்னால் நீண்டது. கதவைத் திறந்தார்.

யாரும் இறங்கவில்லை.

இறங்க ஆள் கிடையாது. அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்று இருந்தது. முந்தின குளிர்காலத்தில் இதே இடத்தில் செத்துப்போனது. அதற்கப்புறம் அந்த நிறுத்தத்தையே எடுத்துவிட்டார்கள். எடுத்தால் என்ன, ஆர்விட் தினமும் நிறுத்தினார். கதவைத் திறப்பார், கொஞ்ச நேரம் சும்மா இருப்பார், மூடிக்கொண்டு போவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எதற்கெடுத்தாலும் கத்துகிற பிள்ளைகள்கூட அந்த இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்ளும்.

அன்றைக்குப் பஸ்ஸில் புதிதாக ஒன்று இருந்தது. கேமரா. உள்ளே கூரையில், வெளியே சிவப்புப் பலகையில், அப்புறம் கதவுப் பக்கத்தில், பஸ்ஸின் முன்பக்கத்தைப் பார்த்தபடி ஒன்று. பலகை விரிந்ததும் தானாகப் படம் பிடிக்கும். பிடித்ததெல்லாம் பஸ் கொட்டகை ஆபீஸுக்குப் போய்விடும்.

ஆர்விட்டுக்கு அது பிடிக்கவில்லை. கேமரா என்ன, ஓடுகிற வண்டியைப் பிடித்து நிறுத்துமா? பிள்ளையைக் கையைப் பிடித்து இழுக்குமா? நடந்து முடிந்ததைக் காட்டும், அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் ஓட்டுகிறவன் எத்தனை தடவை மூக்கைச் சொறிந்தான் என்று ஆபீஸில் எவனாவது உட்கார்ந்து பார்ப்பான். இதைப் பள்ளிக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்றே சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போது முன்வரிசையிலிருந்து கொரின் வாசெக் திரும்பிப் பார்த்தாள். அவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

கேமரா கட்டாயம் என்று கேட்டு ஒரு வருஷமாகக் கூட்டத்துக்குக் கூட்டம் வந்து நின்றவள் அவள்தான். செத்த பிள்ளையின் தாய். மற்ற ஊர்களில் இடப்பக்கம் மட்டும்தான் வைக்கிறார்கள், அது போதும் என்றார்கள் குழுக்காரர்கள். அவள் விடவில்லை. "எம் பொண்ணு இடப்பக்கத்துல சாகல" என்றாள். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

உண்மைதான். சாலையைக் கடக்க வேண்டிய பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓரமாகவே முன்னால் நடந்து, மஞ்சள் கம்பி முடிகிற இடத்தில் நின்று, திரும்பி ஓட்டுகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கை காட்டுவார். கை காட்டாமல் ஒரு காலை எடுத்து வைக்கக் கூடாது. பள்ளி திறந்த முதல் வாரமே இதைச் சொல்லிச் சொல்லிப் பழக்குவார்கள். எல்சி வாசெக்குக்கு ஏழு வயது. பச்சைக் கோட்டு, ஒன்றுவிட்ட அக்காள் போட்டுக் கழித்த பெரிய பூட்ஸ். அவள் மாதிரி சொன்னபடி நின்ற பிள்ளை கிடையாது. அந்தக் குளிர்காலத்துச் சாயங்காலம் எதிரே லாரி ஒன்று வந்தது. அது நிற்கட்டும் என்று ஆர்விட் இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தரையோடு தரையாகப் பனி பறந்துகொண்டிருந்தது. எவனோ ஒருத்தன் பிக்கப் வண்டியில் பின்னால் வந்தான். பஸ் நிற்பதைப் பார்த்து, பொறுக்காமல், வலப்பக்கத்து மண் ஓரத்தில் இறக்கி ஓட்டினான்.

அவர் திரும்பிப் பார்த்தபோது கம்பிக்கு முன்னால் வெறும் பனிப்புகை.

பூட்ஸ் மட்டும் ஒன்று நின்ற இடத்திலேயே நின்றது.

அந்த வண்டி யாருடையது என்று இன்று வரைக்கும் தெரியாது. ஆர்விட் கை காட்டவே இல்லை.

*

மறுநாள் காலை ஓட்டம் முடிந்து கொட்டகைக்கு வந்ததும் ராட்னி கூப்பிட்டான். ராட்னி பஸ்களுக்கெல்லாம் பொறுப்பாளன். ஃபார்கோ நகரத்திலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பழைய கதை எதுவும் அவனுக்குத் தெரியாது.

"பெரியவரே, உள்ள வாங்க. காபி சூடா இருக்கு. நல்லா இருக்குன்னு சொல்லல, சூடா இருக்கு."

"என்ன, மூக்கைச் சொறிஞ்சுட்டேனா?"

"அதுக்கு மேல. ஆள் இல்லாத நிறுத்தத்துல எதுக்குப் பஸ்ஸை நிறுத்தறீங்கன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். அப்புறம் பாத்தா ஆள் இருக்கு." திரையை அவர் பக்கம் திருப்பினான். "இது யாரு வீட்டுப் பிள்ளை? நம்ம கணக்குலயே இல்லையே."

கதவுப் பக்கக் கேமரா எடுத்தது. பஸ்ஸின் மஞ்சள் விளிம்பு தெரிந்தது. கம்பி நீண்டது. காற்றில் பனி ஓடியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

அப்புறம் கம்பி முடிகிற இடத்தில் ஒரு பிள்ளை நின்றது.

நடந்து வரவில்லை. நின்றது, அவ்வளவுதான். பச்சைக் கோட்டு. தொப்பியை இழுத்துவிட்டு, முகத்தைத் தூக்கி, ஓட்டுகிறவர் கண்ணாடியைப் பார்த்தபடி.

ஆர்விட் காபியை மேஜை மேல் வைத்தார். வைக்கிற இடம் தப்பிக் கொஞ்சம் கொட்டியது.

"அணை."

"யாருன்னு சொன்னா நான்..."

"அணைடா!"

ராட்னி அணைத்தான். அவர் முகத்தைப் பார்த்தவன் கொட்டின காபியைத் துடைத்தான். சுவரில் ஹீட்டர் டக்டக்கென்று அடித்துக்கொண்டது. மெதுவாகச் சொன்னான்.

"இன்னைக்குக் காலையில, கேமராவுக்காகக் கமிட்டியில பேசின அம்மா ஒண்ணு வந்துச்சு. கேமரா நல்லா எடுக்குதான்னு பாக்கணும்னுச்சு. இதைத்தான் போட்டுக் காட்டினேன். திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பாத்துது. நாளைக்கும் வருவேன்னு சொல்லிட்டுப் போச்சு."

"பேரு?"

"கொரின்."

*

அன்று சாயங்காலம் தபால் பெட்டிக்கு எதிரே நிறுத்திவிட்டு ஆர்விட் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். முன் கண்ணாடி வழியே பார்த்தார். பஸ்ஸின் மூக்கு மேல் இருக்கிற வட்டக் கண்ணாடியில் பார்த்தார். சாலை. பனி. கம்பி. வேறொன்றும் இல்லை.

திறந்த கதவு வழியே குளிர் ஏறி வந்தது. குளிர் எப்போதும் வரும்தான். இது வேறே மாதிரி வந்தது. ஈரக் கம்பளி வாசனையோடு வந்தது. பிள்ளைகள் பனியில் விளையாடிவிட்டு வந்து ஹீட்டர் மேல் காயப்போடுகிற கம்பளி.

அவருக்குப் பின் இருக்கையில் ஹாக் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அண்ணன் கோல், தங்கை ஜூன். ஜூன் முதல் வகுப்பு. முன் பல் இரண்டும் விழுந்திருந்தது.

"மிஸ்டர் ஆர்விட்" என்று அவள் கிசுகிசுத்தாள்.

"என்ன கண்ணு?"

"அவ ரொம்ப நேரமா நிக்கிறா."

"சும்மா இரு லூசு" என்றான் அண்ணன். ஆனால் அவனும் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. கோட்டுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆர்விட் கதவை மூடினார்.

*

மறுநாள் காலை அவர் ஆபீஸுக்குப் போனபோது கொரின் அங்கே இருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல், திரைக்கு மூக்கு முட்டுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். ராட்னி வெளியே போய்விட்டிருந்தான். பயந்துதான் போயிருப்பான்.

திரையில் எல்சி நின்றாள். கணுக்கால் வரைக்கும் பனி.

கொரினை அவர் ஒரு வருஷமாக நேரே பார்த்துப் பேசவில்லை. சவ அடக்கத்தன்று கையைப் பிடித்தார், அதோடு சரி. அவர் மனைவி கறியும் உருளைக்கிழங்கும் போட்டு ஹாட்டிஷ் என்கிற பதார்த்தத்தைச் சமைத்துப் பாத்திரத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். பாத்திரம் திரும்பி வந்தது, கழுவி. அதற்கு மேல் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. எதைப் பேசுவது?

"வாங்க ஆர்விட்" என்றாள், திரும்பாமலே. "எப்படி நிக்கிறா பாருங்க. இடுப்புல கை வெக்கல, குதிக்கல. வீட்டுல ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டா. அங்க மட்டும் அப்படி நிப்பா."

"கொரின்."

"ரெண்டு நாளும் பாத்துட்டேன். கதவு திறந்ததும் வரா. நீங்க மூடினதும் போயிடறா. அவ்வளவு நேரம் எனக்குப் போதும்."

"அவ என்னைப் பாத்துட்டு நிக்கிறாம்மா."

"தெரியும்."

"நான் கை காட்டணும்னு நிக்கிறா."

கொரின் அப்போதுதான் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் இல்லை. எப்போதோ வற்றிப்போன கண். சட்டென்று எழுந்து அவர் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காட்டிடாதீங்க" என்றாள். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது. "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நீங்க கை காட்டினா அவ கடந்துடுவா. கடந்துட்டா அப்புறம் இங்க இருக்க மாட்டா. அந்தக் கேமராவுக்காக நான் எத்தனை பேர் காலைப் பிடிச்சேன்னு உங்களுக்குத் தெரியுமா? அடிச்சவனைப் பிடிக்கத்தான் கேட்டேன். இப்ப அவன் எங்க இருந்தா எனக்கென்ன? எம் பொண்ணு தெரியறா."

"குளிர்ல நிக்கிறா கொரின்."

"என் கண்ணு முன்னால நிக்கிறா."

ஆர்விட் தலையை ஆட்டினார். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

*

அப்படியே நாள் போனது. சாயங்காலம் அவர் நிறுத்துவார், கதவைத் திறப்பார், இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலையில் கொரின் வந்து பார்ப்பாள். முதலில் அவர் அந்த அறைக்குப் போகாமல் இருந்து பார்த்தார். முடியவில்லை. அவள் போன பிறகு போய்ப் பார்த்தார்.

பனி எல்சியின் முழங்கால் வரைக்கும் வந்திருந்தது.

சாலையில் அவ்வளவு பனி கிடையாது. பனிக் கலப்பை வண்டி தினமும் வந்து தள்ளிவிட்டுப் போகிறது. பஸ்ஸின் கம்பிக்குக் கீழே தார் தெரிகிறது. அவளைச் சுற்றி மட்டும் பனி ஏறிக்கொண்டே வந்தது.

அப்புறம் ஒரு நாள் இடுப்பு.

கோட்டின் பச்சை வெளுத்துக்கொண்டு வந்தது. தொப்பி விளிம்பில், புருவத்தில், இமையில் வெள்ளை பூத்திருந்தது. முகம் மட்டும் அதே மாதிரி மேலே பார்த்தபடி. இன்னும் கொஞ்சம் போனால் அந்த முகமும் மூடிவிடும்.

"பாத்தியா?" என்று ஆர்விட் கொரினைக் கொட்டகை வாசலில் மறித்துக் கேட்டார்.

"கேமராக் கண்ணாடியில ஐஸ் பிடிச்சிருக்கு."

"கொரின், பொய் சொல்லாத."

"ஐஸ்தான்!" என்று கத்தினாள். அங்கே டயர் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலை இறக்கினாள். "நீங்க சொந்தப் பிள்ளையைப் புதைச்சிருக்கீங்களா? இல்லல்ல? அப்ப பேசாதீங்க."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆர்விட் நின்றார். அவள் சொன்னது சரி. அவர் புதைத்ததில்லை. ஆனால் அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்பது தாயை அல்ல, அவரை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

*

வியாழக்கிழமை மத்தியானமே புயல் வருகிறது என்று பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். வாசெக் வீட்டுப் பக்கம் வரும்போது வானமும் தரையும் ஒரே வெள்ளை. தபால் பெட்டியை வைத்துத்தான் இடமே தெரிந்தது. ஆர்விட் நிறுத்தினார். பலகை விரிந்தது. கதவு திறந்தது.

காற்றின் சத்தம் நின்றுவிட்டது.

வெளியே பனி பறந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. பஸ்ஸுக்குள்ளேயும் இல்லை.

ஜூன் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சி.

"என்ன கண்ணு?"

"அவ தெரியவே இல்ல மிஸ்டர் ஆர்விட். தொப்பி மட்டும்தான் தெரியுது."

ஆர்விட் வீட்டுப் பக்கம் பார்த்தார். பனித் திரைக்குப் பின்னால் சமையலறை விளக்கு மங்கலாக எரிந்தது. ஜன்னலில் ஒரு உருவம். இரண்டு கையையும் கண்ணாடியில் பதித்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

அவர் இடப்பக்கம் பார்த்தார். வண்டி இல்லை. வலப்பக்கம் பார்த்தார். மண் ஓரத்தை முதுகு வலிக்கத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. மறுபடி ஒரு தடவை எல்லாம் பார்த்தார்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றார். தாயிடம் சொன்னாரா பிள்ளையிடம் சொன்னாரா, அவருக்கே தெரியாது.

கையை உயர்த்தினார். விரலை விரித்து, கண்ணாடிக்கு நேரே, போ என்று வீட்டுப் பக்கம் அசைத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் கம்பி முடிகிற இடத்தில் ஒரு தடம் விழுந்தது.

சின்னத் தடம். காலுக்குப் பெரிதான பூட்ஸ் இழுபடுகிற தடம்.

பக்கத்தில் இன்னொன்று. பஸ்ஸின் மூக்குக்கு முன்னால், விளக்கு வெளிச்சத்தில், ஒன்றன் பின் ஒன்றாக விழுந்துகொண்டு போயின. ஓடவில்லை. சொல்லிக்கொடுத்த மாதிரி, நேராக, நிதானமாக. நடுக்கோட்டில் ஒரு நிமிஷம் நின்றன. இரண்டு பக்கமும் பார்த்திருக்க வேண்டும். பிறகு சாலையைத் தாண்டி வீட்டுப் பாதையில் ஏறின.

ஜன்னலில் உருவம் இல்லை. வாசல் கதவு திறந்தது. கொரின் கோட்டு இல்லாமல், வெறுங்காலோடு படியில் வந்து நின்றாள். தடங்கள் அவளிடம் போய்ச் சேர்ந்தன. அவள் மண்டி போட்டாள்.

காற்று மறுபடி அடித்தது. அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

ஆர்விட் கதவை மூடி, மிச்சப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார். எப்படி ஓட்டினார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. எல்லாம் முடிந்தது, அந்தத் தாய் இனி தன் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினார்.

*

புயல் ராத்திரியோடு போய்விட்டது. மறுநாள் பள்ளிக்கூடம் தாமதமாகத் திறந்தது. கண் கூசுகிற வெயில். காலையில் பஸ் எதிர்த் திசையில் வரும். வாசெக் வீடு கதவுப் பக்கமாகவே இருக்கும், கடக்க வேண்டியதில்லை. காலையில் அங்கே அவர் ஒருநாளும் நிறுத்தியதில்லை.

தபால் பெட்டிக்குப் பக்கத்தில் கொரின் நின்றாள்.

ராத்திரி உடுப்பின் மேல் கோட்டைப் போட்டிருந்தாள். ஒரு கையில் மத்தியானச் சாப்பாட்டுப் பை. இன்னொரு கை கீழே தொங்கியது. அதில் கையுறை இல்லை. விரல்கள் எதையோ பிடித்திருக்கிற மாதிரி மடங்கியிருந்தன. அந்தக் கை மட்டும் மெழுகு மாதிரி வெளுத்துப் போயிருந்தது.

ஆர்விட் நிறுத்தினார். கதவைத் திறந்தார்.

"ராத்திரி பூரா வாசல்கிட்டயே நின்னா" என்றாள் கொரின், கிசுகிசுப்பாக, தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடாத மாதிரி. "தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சு, துடைச்சிக்கிட்டே இருந்தேன். கூப்பிட்டா வரல. அடுப்புகிட்ட வான்னேன், வரல. விடிஞ்சதும் என் கையைப் பிடிச்சு வெளிய இழுக்கறா. எதுக்குன்னு அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது."

"கொரின்..."

"பஸ்ஸுக்கு நேரமாச்சுல்ல. அவளுக்கு வேற என்ன தெரியும், பாவம்."

சாப்பாட்டுப் பையைப் படியில் வைத்தாள். மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். விரிக்க மனசில்லாமல் விரித்தாள். அப்புறம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். புதிதாகப் பிள்ளையைப் பஸ் ஏற்றுகிற எந்தத் தாயும் பார்க்கிற பார்வை.

"சாயங்காலம் கொண்டுவந்து விட்டுடுவீங்கல்ல?"

ஆர்விட் இந்தத் தடவை சரி என்றே தலையை ஆட்டினார்.

"விட்டுடறேன்மா."

கீழ்ப்படி முனகியது. நடுப்படி முனகியது. அவர் முழங்காலை உரசிக்கொண்டு ஒரு குளிர் ஏறிப் போனது. அவர் திரும்பவில்லை. தலைக்கு மேலே இருக்கிற பெரிய கண்ணாடியில் மட்டும் பார்த்தார்.

பின் இருக்கையில் ஜூன் யாரும் சொல்லாமலே ஜன்னல் பக்கமாக நகர்ந்தாள். "தள்ளிக்கோடா" என்று அண்ணனை இடித்தாள். அவன் பஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

ஓரத்தில் காலியாக இருந்த இடத்தை ஜூன் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் கையுறை ஒன்றைக் கழற்றி, அந்தப் பக்கம் நீட்டி, பிடியை விட்டாள்.

கையுறை கீழே விழவில்லை.